கல்லில் மட்டும் இருந்த வாசிகசாலை

ஹெக்டர் ஐயாவை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். நில அளவைக் கந்தோரில் படம் வரைந்து ஓய்வு பெற்றவன் நான். எல்லையைக் குறித்துக்கொள்ளாமல் எதையும் தொடங்க எனக்கு வராது. ஆகவே சொல்லப்போவதை முதலில் ஒழுங்குபடுத்துகிறேன்.

1. அவர் இறந்த செய்தி எனக்கு வந்த விதம்.
2. தாய்வழிக் குலமான குடி எதிலும் சேராத ஒரு மனிதர் எங்கள் ஊர் நினைவுக்கல் கமிற்றிக்குத் தலைவரான விதம்.
3. பூரணத்தின் மூத்த மகனுக்குக் கல்லில் இடம் மறுக்கப்பட்டதும், அதற்கு ஐயா செய்ததும்.
4. அதன் பிறகு அந்தக் கல்லுக்கு நேர்ந்தது.
5. இவ்வளவிலும் எங்கள் ஊரில் ஒருவர்கூட அவருக்குத் துணை நிற்கவில்லை என்பது.

ஊரின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். ஹெக்டர் ஐயாவின் பெயரை மட்டும் மாற்றவில்லை. அவரை இனி ஒருவரும் விசாரணைக்கு அழைக்க முடியாது.

அன்று ஆடி அமாவாசை. மாமாங்கத்துத் தீர்த்தக் குளத்தில் தகப்பனை இழந்தவர்கள் முழுகிக்கொண்டிருந்தார்கள். ஊரைவிட்டு வெளிக்கிட்ட பிறகு நான் அமிர்தகழியில் ஒரு வீட்டின் பின்னறையில் இருக்கிறேன். வாசலில் சைக்கிள் மணி கேட்டது. தம்பிமுத்து வண்ணக்கர் ஈர வேட்டியோடு நின்றார். எங்கள் ஊர் அம்மன் கோயிலின் நிருவாகம் அவர் கையில்தான் இருந்தது.

"கிளாக்கர், போஸ்ட் மாஸ்டர் முடிஞ்சிற்றார். விடியப்புறம், ஆஸ்பத்திரியில."

ஊரில் என்னைக் கிளாக்கர் என்பார்கள், ஹெக்டர் ஐயாவைப் போஸ்ட் மாஸ்டர் என்பார்கள். அவர் தலையைத் துவட்டியபடி அடுத்ததைச் சொன்னார்.

"நாளைக்குச் சேர்ச்சில அடக்கம். நம்மட ஊர் சார்பில ஆராவது பேசத்தானே வேணும். நான் முதல்ல பேசிறன். நீங்க எனக்குப் பிறகு பேசுங்க. மத்தக் குடிக்காரனுகள் வந்தா அதுக்குப் பிறகு பேசட்டும்."

உடல் இன்னும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தது. அதற்குள் வரிசை போட்டாயிற்று. கெட்டுப்போன மீனைக் கடித்தவன் போல எனக்கு வாயெல்லாம் கசந்தது. ஆனாலும் "சரி" என்றுதான் சொன்னேன். எதிர்த்துப் பேச எனக்கு ஒருபோதும் வந்ததில்லை.

ஹெக்டர் ஐயா டவுனில், புளியந்தீவில், பிறந்த பறங்கியர், பழைய ஐரோப்பியரின் வழிவந்தவர். தபாலதிபராக மாற்றம் பெற்று, வாவியின் மேற்குக் கரையில் உள்ள எங்கள் இத்தியடித்துறைக்கு வந்தார். சண்டை தொடங்கியதும் தபால் மூட்டை வாவியைக் கடப்பது நின்றது. மேலிடம் தபாற்கந்தோரைப் பூட்டி, அவரை டவுனுக்கு வரச் சொன்னது. அவர் போகவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"டவுனுக்குப் போனா என்ட அக்காவோட ஒரே வீட்டில இரிக்கணும். ஷெல்லடி அதைவிட மெல்லிசு, கிளாக்கர்."

கந்தோர் பூட்டிய பிறகும் சனங்கள் பழக்கத்தில் அதன் விறாந்தைக்கு வந்து உட்கார்ந்திருப்பார்கள். அவர் பின்பக்கத்து அறையிலிருந்து வந்து ஒவ்வொருவராகப் பார்த்துச் சொல்வார். "கந்தையர், உங்களுக்கு இண்டைக்கு ஒண்டும் இல்ல. பாக்கியம், உனக்கும் இல்ல." எல்லாருக்கும் சேர்த்து ஒரே தடவையில் சொல்லிவிடலாமே என்றேன். "ஒண்டும் இல்ல எண்டதையும் ஆள் ஆளாத்தான் சொல்லணும்" என்றார். அது அவர் அடிக்கடி சொன்ன வார்த்தை.

அந்த ஆண்டுகளில் எங்கள் ஊரிலிருந்து ஒவ்வொன்றாகக் கழன்று போனது. டிஸ்பென்சரிக்கு மருந்து வருவது நின்று, பிறகு மருந்து கொடுப்பவரும் வருவது நின்றார். கூட்டுறவுச் சங்கக்கடையைச் சூறையாடினார்கள். யார் என்று எழுதப்போவதில்லை. முதலில் துவக்கு ஏந்திய ஒரு கூட்டம் வந்தது, பிறகு மற்றது, கடைசியில் எங்கள் ஆட்களே மிச்சத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நெசவுசாலையின் தறிகள் விறகாயின. வாவியைக் கடக்க இருந்த தட்டையான பெரிய ஓடத்தை நாங்கள் பாதை என்போம். அது குண்டுபட்டுத் துறையிலேயே அமிழ்ந்தது. இவற்றில் ஒன்றுக்காவது ஊரில் ஒருவர் அழுததை நான் காணவில்லை.

எங்கள் துறையடியில் முன்பே ஒரு சிறிய கல் இருந்தது. உலக யுத்தத்துக்கு வெள்ளைக்காரனின் படையோடு போய்த் திரும்பாத மூன்று பேரின் பெயர்கள் அதில் இருந்தன. அந்தப் பக்கத்தை அப்போது வைத்திருந்த ஆயுத இயக்கத்தின் பொறுப்பாளர் அதைப் பார்த்துவிட்டு, எங்கள் காலத்தில் இறந்த பொடியன்களுக்கும் பக்கத்தில் ஒரு கல் வேண்டும் என்றார். சீமெந்து தருவதாகவும் சொன்னார். அவர் வெளியூர்க்காரர். அவர் சொன்னால் வேண்டாம் என்று சொல்லக்கூடிய காலம் அதுவல்ல. சொல்லும் எண்ணமும் ஊருக்கு இருக்கவில்லை. எங்கள் பிள்ளைகள் இறந்திருந்தார்கள்.

கமிற்றி கூடியது, வெறுமையாய்க் கிடந்த சங்கக்கடைக்குள். சோடாவும் பிஸ்கற்றும் வைத்திருந்தார்கள். என்னைக் காரியதரிசி ஆக்கினார்கள், என் கையெழுத்து அழகு என்பதற்காக. முதற் பெயர் எது என்பதிலேயே சண்டை வந்தது. எங்கள் பக்கத்தில் குடி என்பது தாய்வழியாக வருவது. கோயிலில் வெற்றிலை கொடுப்பதும் திருநீறு கொடுப்பதும் குடி வரிசையில்தான். எந்தக் குடி முன்னுக்கு என்பதில் ஊர் எத்தனையோ முறை மண்டை உடைத்துக்கொண்டிருக்கிறது.

"கோயில்ல என்ன ஒழுங்கோ, கல்லிலயும் அதுதான் ஒழுங்கு" என்றார் வண்ணக்கர். "எங்கட குடிப் பொடியனுகள் முன்னுக்கு வரணும்."

"உங்கட குடியில செத்தது ஒருத்தன். எங்கடயில நாலு பேர்" என்று ஒருவர் எழும்பினார்.

"கூடச் செத்தா முன்னுக்கு வரலாம் எண்டு எந்தச் சட்டத்தில இரிக்கி?"

இதை அவர் சிரிக்காமல் சொன்னார். ஒருவரும் சிரிக்கவும் இல்லை. நான் குனிந்து கூட்டக் குறிப்பில் எழுதிக்கொண்டிருந்தேன். என் பேனை அந்த வசனத்தை எழுத மறுத்தது. "கருத்துப் பரிமாறப்பட்டது" என்று எழுதினேன்.

பல கிழமை இப்படியே போனது. கடைசியில் குடியே இல்லாத ஒருவரைத் தலைவராக வைத்தால் சண்டை தீரும் என்று யாரோ சொன்னார்கள். ஊரில் குடி இல்லாதவர் ஹெக்டர் ஐயா ஒருவர்தான். அவரைக் கூட்டிவந்து நடுவில் இருத்தினார்கள்.

"அந்தப் பழைய கல்லில மூணு பேர் இரிக்காங்க" என்றார் அவர். "வெள்ளைக்காரன் போட்ட வரிசை. அதுக்கு உங்கட அப்பன்மார் ஒருத்தரும் எதிர்த்துப் பறையல்ல. இப்ப மட்டும் என்ன?"

"போஸ்ட் மாஸ்டர், உங்களுக்குக் குடியுமில்ல கோயிலுமில்ல. உங்களுக்கு இது விளங்காது" என்றார் வண்ணக்கர்.

"அதுக்குத்தானே என்னை இதில இருத்தின நீங்க? செய்தி வந்த ஒழுங்கில பேரைப் போடுங்க. முதல்ல எந்த வீட்டில அழுதாங்களோ அந்தப் பேர் முதல்ல. அறுவாங்கள், செத்தவனுக்கும் வெத்திலத் தட்டத்தைக் கொண்டு போறீங்களே!"

 பொறுப்பாளரும் மோட்டார் சைக்கிளை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்திருந்தார். ஐயா சொன்னது தீர்மானமாயிற்று. அவர் இன்னொன்றையும் சேர்த்தார். கல்லின் இடப்பக்கத்தில் பொடியன்களின் பெயர்கள் வரட்டும், வலப்பக்கத்தில் ஊரில் இல்லாமற் போனவை வரட்டும், தபாற்கந்தோரிலிருந்து பாதைவரை, என்றார். சிரித்தார்கள். கட்டடத்துக்கும் கல்லா என்று கேட்டார்கள்.

"பொடியனுகள் எதுக்குச் செத்தவங்க? ஊருக்கு. அப்ப ஊரில என்ன செத்ததெண்டும் இரிக்கட்டும்."

பொறுப்பாளருக்கு அது பிடித்துவிட்டது. "நல்ல யோசனை, ஐயா" என்றார்.

பூரணத்தைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும். அவளுக்கு இரண்டு ஆண் பிள்ளைகள். மூத்தவன் தவராசா ஓர் இயக்கத்தில் இருந்தான். அந்த இயக்கத்தைப் பொறுப்பாளரின் இயக்கம் தடைசெய்து, அதன் பொடியன்களைத் தேடிச் சுட்டபோது, தவராசாவையும் வயல் வாடிக் குடிலில் வைத்துச் சுட்டார்கள். இளையவன் பிறகு, அண்ணனைச் சுட்ட இயக்கத்திலேயே சேர்ந்தான். சேர்ந்தானா, சேர்க்கப்பட்டானா என்று நான் கேட்டதில்லை. அவன் இராணுவத்தோடு நடந்த சண்டையில் இறந்தான். இளையவனின் பெயர் கல்லுக்கு எழுதப்பட்டிருந்தது. மூத்தவனின் பெயரையும் போட வேண்டும் என்று கேட்கத்தான் பூரணம் கமிற்றிக்கு வந்தாள். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

அவளை வெளியே வெயிலில் நிற்க வைத்தார்கள். உள்ளே பிஸ்கற் தின்று முடிந்த பிறகுதான் கூப்பிட்டார்கள். பொறுப்பாளர் மரியாதையாகத்தான் பேசினார்.

"அம்மா, உங்கட மூத்தவன் ஆரெண்டு எனக்குத் தெரியும். ரொபின். அவன் துரோகி. துரோகிக்குக் கல் இல்லை."

ரொபின் என்பது தவராசாவுக்கு இயக்கத்தில் வைத்த பெயர். அந்தப் பொறுப்பாளருக்கு அந்தப் பெயர் மட்டுமே தெரிந்திருந்தது.

"தம்பி, ரெண்டு பேரும் ஒரே சோத்துக் கோப்பையில திண்டவனுகள்" என்றாள் பூரணம். "ஒருத்தன் வீரன், ஒருத்தன் துரோகி எண்டா, பெத்த நான் ஆர்?"

கமிற்றியில் இருந்த எல்லாரும் அவளுக்கு ஏதோ ஒரு வழியில் உறவு. சிலர் தவராசாவைத் தோளில் தூக்கித் திருவிழாக் காட்டியவர்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. வண்ணக்கர் மட்டும் திறந்தார். "போ புள்ள, போ. கூட்டம் நடக்குது" என்றார். அவள் போனாள். ஐயா எழும்பி வெளியே போய், வாவித் தண்ணீரை அள்ளி வாயைக் கொப்பளித்துத் துப்பியதைச் சன்னலால் பார்த்தேன்.

அடுத்த நாள் மத்தியானம் அவர் என் வீட்டுக்கு வந்தார். மேசன் கல்லில் பதிப்பதற்கான எழுத்துகளை நான் பெரிய தாளில் அளவாக வரைந்துகொண்டிருந்தேன்.

"கிளாக்கர், வலப்பக்கத்தில கடைசியா ஒரு வரிக்கு இடமிரிக்கா?"

"இரிக்கு."

"எழுதுங்க. தவராசா வாசிகசாலை."

"எங்கட ஊரில வாசிகசாலையே இருந்ததில்லையே, ஐயா. எல்லாரும் உங்கட விறாந்தையில இருந்துதானே பேப்பர் வாசிச்சவங்க."

"ஊரில இல்லாததைத்தானே அந்தப் பக்கத்தில எழுதிறம்? வாசிகசாலை ஊரில இரிக்கா?"

"இல்ல."

"அப்ப எழுதுங்க."

வாசிகசாலைக்கு ஒரு தருமவானின் பெயரை வைப்பது எங்கள் பக்கத்தில் வழக்கம். வெளியூர்க்காரருக்கு அதில் சந்தேகம் வராது. ஊர்க்காரருக்கோ பார்த்த கணமே விளங்கும். அவ்வளவு சனத்தில் ஒருவர் காட்டிக்கொடுத்தாலும் ஐயாவின் கதை முடியும். என்னுடையதும் முடியும். அதை அவரிடம் சொன்னேன்.

"தெரியும்" என்றார். "நீங்க பயந்தா நான் எழுதிறன். ஆனா என்ட எழுத்துக் கோழி கிளறின மாதிரி இரிக்கும். அதைப் பார்த்தா பொறுப்பாளன் கட்டாயம் சந்தேகப்படுவான்."

எழுதினேன்.

கல் திறப்பு விழாவுக்கு ஒலிபெருக்கி கட்டினார்கள். பொறுப்பாளர் துணியை விலக்கி, பொடியன்களின் பெயர்களை வாசித்தார். பிறகு வலப்பக்கத்துக்கு வந்தார். "தபாற்கந்தோர். டிஸ்பென்சரி. சங்கக்கடை. நெசவுசாலை. பாதை. தவராசா வாசிகசாலை. இவை எல்லாவற்றையும் நாம் மீண்டும் கட்டியெழுப்புவோம்!" என்றார். எந்தப் பிள்ளைக்குக் கல் இல்லை என்றாரோ, அந்தப் பிள்ளையின் பெயரை அவரே ஒலிபெருக்கியில் வாவியின் அக்கரைவரை கேட்கச் சொன்னார். முன்வரிசையில் நின்ற பூரணம் வாயில் சேலைத் தலைப்பை அடைத்துக்கொண்டாள். ஊரார் ஒருவரும் தலையை நிமிர்த்தவில்லை. ஒரு மனிதன் தன் உயிரை வைத்துச் செய்ததைப் பார்த்து நிலத்தை நோக்கி நின்ற அந்தச் சனத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு அருவருக்கிறது. விழா முடிந்ததும் சோடாவுக்கு முண்டியடித்தார்கள். யார் முதல் மாலை போட்டது என்று வண்ணக்கரும் மற்றக் குடிக்காரரும் அங்கேயே இழுபட்டார்கள்.

பின்பு இராணுவம் ஊருக்குள் வந்தது. பொறுப்பாளரும் ஆட்களும் காட்டுப் பக்கம் போனார்கள். அவர் பிறகு இறந்ததாகக் கேள்வி. சங்கக்கடை முகாமாயிற்று. டிஸ்பென்சரியை மலசலகூடமாக்கினார்கள். நினைவுக்கல்லின் இடப்பக்கத்தைச் சம்மட்டியால் உடைத்து, வாகனச் சில்லுப் புதையும் வழியில் கொட்டினார்கள். வலப்பக்கத்தையும் உடைக்கப் போனபோது, மொழிபெயர்க்க வந்தவன் வாசித்துப் பார்த்து, இது வெறும் கந்தோர்களின் பெயர் என்று சொன்னானாம். விட்டுவிட்டார்கள். பிறகு அதன்மேல் உள்ளாடைகளைக் காயப் போட்டார்கள். எங்கள் பொடியன்களின் பெயர்களின் மேலாகத் தண்ணீர் பவுசர் லொறி ஏறி இறங்குவதை நான் என் கண்ணால் கண்டேன். வீரன் என்றவனின் பெயர் சேற்றுக்குள் போனது. துரோகி என்றவனின் பெயர் ஈரத் துணிக்குக் கீழே நின்றது.

"கந்தோர்ப் பேருக்கு ஒருத்தரும் பயமில்ல, கிளாக்கர்" என்றார் ஐயா. சொல்லிவிட்டு அங்கிருந்து திரும்பி நடந்தார். சிரிக்கவும் இல்லை. அதற்குப் பிறகுதான் அவருக்கு நீரிழிவில் கால் புண் வைத்தது. டவுனுக்கு, அக்காவிடம், கொண்டுபோனார்கள். கடைசியாகப் பார்க்கப் போனபோது, "நான் சொன்னது சரிதானே? ஷெல்லடி மெல்லிசு" என்று அக்காவுக்குக் கேட்கும்படி சொன்னார்.

அடக்கத்தில் வண்ணக்கர் முதலில் பேசினார். தானும் ஐயாவும் சேர்ந்து அந்தக் கல்லை எழுப்பியதாகச் சொன்னார். என் முறை வந்தபோது நான் எழும்பவில்லை. அன்று பேச முடியாததைத்தான் இங்கே எழுதினேன்.

முப்பத்தோராம் நாள் பூசைக்குப் பூரணம் அக்கரையிலிருந்து வந்திருந்தாள். இதை அச்சுக்குக் கொடுக்குமுன் அவளிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று நினைத்தேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. சேர்ச் மதிலோரம் இருந்து, மேலே உள்ளதை முதலிலிருந்து வாசித்துக் காட்டினேன்.

"போடுங்க ஐயா" என்றாள். "இனி என்னட்ட எடுக்கிறதுக்கு என்ன இரிக்கி? ஆனா அந்த அஞ்சாவது பொய்."

எப்படி என்று கேட்டேன்.

கல் திறந்த பிறகு, அவள் நாள்தோறும் அதன் வலப்பக்கத்துக்குக் கீழேயும் பூ வைத்திருக்கிறாள். பொறுப்பாளர் அதைக் கவனித்திருக்கிறார். இளையவனின் பெயர் இடப்பக்கத்தில் இருக்க, இந்த மனிசி ஏன் வாசிகசாலைக்குப் பூ வைக்கிறாள் என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அவளையும் வண்ணக்கரையும் கோயில் வாசலுக்குக் கூப்பிட்டு, யார் இந்தத் தவராசா என்று கேட்டார்.

"வண்ணக்கர் என்னைப் பேச விடல்ல, ஐயா. இவர்தான் மறுமொழி சொன்னவர். 'அது எங்கட குடியில மூத்த ஆள், தம்பி. என்ட அம்மாட மாமன். வாசிகசாலை கட்டித் தந்த மனிசன். சின்ன வயசில நானே அதில இருந்து படிச்சிரிக்கன். இவளும் எங்கட குடிதான், அதுதான் பூ வைக்காள்' எண்டார். அவன் நம்பல்ல. அம்மன்ட வாசல்ல சத்தியம் பண்ணச் சொன்னான். இவர் கற்பூரத்தைக் கொளுத்தி அதில கைய வைச்சுச் சத்தியம் பண்ணினார்."

பூரணம் வண்ணக்கரின் குடி அல்ல. அவர் ஆயுள் முழுவதும் எந்தக் குடிக்கு எதிராக வரிசைக்குச் சண்டை பிடித்தாரோ, அந்தக் குடிக்காரி. எங்கள் ஊரில் ஒரு வண்ணக்கர் மற்றக் குடியின் பிள்ளையைத் தன் குடியின் மூத்தவன் என்பது நடவாத காரியம். அதுவும் அம்மன் வாசலில், கற்பூரத்தில்.

"அவன் மறுகா ஊருக்குள்ள இன்னும் கொஞ்சப் பேரிட்டக் கேட்டவன்" என்றாள். "எல்லாரும் ஓம், இருந்தது எண்டுதான் சொன்னவங்க. ஒருத்தன் அதில கரம்போட் விளையாடினதாயும் சொன்னான். போஸ்ட் மாஸ்டருக்கு இது தெரியும். உங்களுக்கு மட்டும் ஒருத்தரும் சொல்லல்ல. நீங்க பயந்துபோவீங்க எண்டு."

நான் வண்ணக்கரைத் தேடிப் போய்க் கேட்டேன்.

"ஆர் சொன்னது? பூரணமா? அவளுக்கு மண்டை சரியில்ல" என்றார். "அதைப் புத்தகத்தில எழுதிப் போடாதீங்க. என்ட குடியில என்னைச் சேர்க்கமாட்டாங்க." கொஞ்சம் பொறுத்து, "எழுதினா, அண்டைக்கு முதல் மாலை போட்டது நான்தான் எண்டதையும் சேர்த்து எழுதுங்க" என்றார்.

ஹெக்டர் ஐயாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த அருவருப்பு. அதை விடமாட்டேன். செத்தவர்களை வரிசைப்படுத்துகிறவர்கள்மேலும் பெயர்களின்மேல் பவுசர் ஏற்றுகிறவர்கள்மேலும் அது எனக்கு இருக்கட்டும். ஆனால் ஐயா, வண்ணக்கர் செய்த இந்தச் சத்தியத்தை அறிந்திருந்தும், மற்றவர்களை ஏசுவது போலவே அவரையும் வாய்க்கு வந்தபடி ஏசியே வந்தார். ஐயா உள்ளறிந்து ஏசினார். நான் அறியாமல் அருவருத்தேன்.

திறப்பு விழாவன்று நிலத்தைப் பார்த்து நின்ற சனம், பொறுப்பாளர் தங்கள் முகத்தை வாசித்துவிடக் கூடாது என்றுதான் குனிந்து நின்றது. ஐந்தாவது குறிப்பு பிழை.